லாரிக்காரர் கண்ணில் படும்படி ஓட்டுங்கள்

ஜனவரி மாதம் வந்தால் சாலைப் பாதுகாப்பு மாதம். சேலத்திலும் நாமக்கல்லிலும் தலைக்கவசப் பேரணி போகிறது, துண்டறிக்கை கொடுக்கிறார்கள், பள்ளிப் பிள்ளைகள் பதாகை பிடித்து நிற்கிறார்கள். எல்லாம் வேண்டியதே. ஆனால் தலைக்கவசம் கீழே விழுந்தவரைக் காப்பது. விழாமல் ஓட்டுவது எப்படி என்பதை, அதுவும் நாலு வழிச் சாலையும் பதினாறு சக்கர லாரியும் ஊர் வாசலுக்கே வந்துவிட்ட இந்த வட்டாரத்தில் எப்படி ஓட்டுவது என்பதை யாரும் யாருக்கும் சொல்லித்தருவதில்லை.

நிலைமை என்னவென்று தெரிய மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையே போதும். அந்த ஓராண்டில் நாட்டில் 1,68,491 பேர் சாலையில் செத்துப்போனார்கள். நூற்றுக்கு 44 பேருக்குமேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம்: 64,105. உயிரிழந்தவர்கள் 17,884 பேர். இதில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம் நமக்கு.

அதே அறிக்கை, பத்து இறப்பில் ஏழுக்கு அதிவேகமே காரணம் என்கிறது. காவல் நிலைய வழக்குகளிலும் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்ற தொடர் தவறாமல் வந்துவிடும். வேகம் கொல்லும் என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் மோதிய ஓட்டுநர்களிடம் பேசிப் பாருங்கள். திரும்பத் திரும்பக் கேட்கும் பதில் ஒன்றுதான்: “வண்டி வந்ததே தெரியலைங்க.” இந்தப் பதிலைச் சாக்கு என்று தள்ளிவிடுகிறோம். நான் அதை அப்படியே நம்புகிறேன். பெரும்பாலும் அது உண்மை. இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு பதிலைப் பற்றியதுதான்.

லாரிகளின் ஊரில்

பெங்களூரிலிருந்து தருமபுரி, தொப்பூர், ஓமலூர் வழியாகச் சேலம் வந்து, ராசிபுரம், நாமக்கல், பரமத்தி வேலூர் என்று கரூருக்குப் போகிறது 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. சேலத்திலிருந்து சங்ககிரி, குமாரபாளையம், பவானி வழியாகக் கோவைக்கு 544. ஆத்தூர் வழியாக உளுந்தூர்பேட்டைக்கு 79. இத்தனை பெரிய சாலைகள் ஒரே இடத்தில் கூடுவதால் சரக்கு லாரிகள் இந்தச் சமவெளியைத் தொடாமல் தெற்கே போவது கடினம்.

போதாததற்கு லாரியே நம் தொழில். நாட்டின் பல மாநிலங்களில் ஓடும் லாரிகளுக்குப் பாடி கட்டுவது நாமக்கல். எரிவாயு டேங்கர் உரிமையாளர்களும் முட்டை லாரிகளும் நிறைந்த ஊர் அது. ரிக் வண்டி என்றால் திருச்செங்கோடு, லாரி உரிமையாளர்கள் என்றால் சங்ககிரி. டிஎன் 28, டிஎன் 34, டிஎன் 52 என்ற எண் பலகைகளை நாடெங்கும் சாலைகளில் பார்க்கலாம்.

இதே சாலையில்தான் பால் ஊற்றப் போகிறவர், தறிக்குப் போகிறவர், பிள்ளையைப் பள்ளிக்கு விடப் போகிறவர், காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் எல்லாரும் டிவிஎஸ் எக்ஸெல்லிலும் ஸ்கூட்டியிலும் போகிறார்கள். நீண்ட பயணம் எதுவும் இல்லை. “இதோ பக்கத்துல” என்று சொல்லித் தலைக்கவசத்தை ஆணியில் மாட்டிவிட்டுக் கிளம்புகிற பயணங்கள். நாலு வழிச் சாலை ஊரை இரண்டாகப் பிளந்த பிறகு அந்தப் ‘பக்கத்துல’ என்பது, மணிக்கு 80, 100 கிலோமீட்டரில் வருகிற வண்டிகளுக்கு நடுவே குறுக்கே கடப்பது என்றாகிவிட்டது.

ஓட்டுநர் இருக்கையில் ஏறிப் பாருங்கள்

நாமக்கல்லில் ஒரு பட்டறையில் பாடி கட்டி முடித்து நின்ற பதினாறு சக்கர லாரியில் என்னை ஏற்றி உட்காரவைத்தார் அதன் ஓட்டுநர். பட்டறைப் பையனை அழைத்து அவனுடைய பைக்கை லாரியின் இடப்பக்க முன் சக்கரத்தை ஒட்டி நிறுத்தச் சொன்னார். “தெரியுதுங்களா?” என்றார். இடது கண்ணாடியில் பின் சக்கரங்களும் பட்டறைச் சுவரும் தெரிந்தன. பையனும் பைக்கும் இல்லை. எட்டிக் குனிந்து இடது ஜன்னல் பக்கம் தலையை நீட்டிய பிறகுதான் அவன் தலைமுடி தெரிந்தது.

பிறகு வண்டியை பம்பருக்கு நேர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான். சிக்னலில் லாரியைத் தாண்டி முன்னால் போய் நிற்கிறார்களே, அதே இடம். கண்ணாடி வழியே எனக்குத் தெரிந்தது வெறும் தரை. கடைசியாக நேர் பின்னால். இரண்டு கண்ணாடியிலும் ஒன்றுமில்லை. “நீங்க நல்ல வெளிச்சத்துல, வண்டி நிக்கையில, தேடிப் பாத்தே தெரியலை. ராத்திரி ரெண்டு மணிக்கு ஓடிட்டு இருக்கையில எனக்கு எப்படிங்க தெரியும்?” என்றார்.

முன்பெல்லாம் இடப்பக்கம் கிளீனர் இருப்பார். கதவில் தட்டி, குரல் கொடுத்து, அந்தப் பக்கத்துக்கு அவர்தான் கண். இப்போது பல லாரிகள் ஓட்டுநர் ஒருவரோடு மட்டுமே ஓடுகின்றன. சம்பளமும் கட்டுப்படியாகவில்லை, ஆளும் கிடைப்பதில்லை. அந்த இடது கண் போய்விட்டது என்பதைப் பைக்கில் போகிற நமக்கு யாரும் சொல்லவில்லை.

ஆகவே முதல் விதி: லாரியின் கண்ணாடியில் ஓட்டுநர் முகம் உங்களுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் நீங்கள் அவருக்குத் தெரியவில்லை. லாரியின் இடப்பக்கம் சேர்ந்தாற்போல் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். தாண்டுவதென்றால் வலப்பக்கம், ஒலி எழுப்பி, விளக்கை ஒருமுறை மின்னவிட்டு, தயங்காமல் தாண்டிவிடுங்கள். தாண்ட முடியாது என்று பட்டால் பின்னாலேயே இடைவெளி விட்டு வாருங்கள். பாதித் தூரம் போய் லாரிக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருப்பதுதான் ஆகக் கெட்ட இடம்.

லாரி இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் முதலில் கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கி இடம் எடுக்கும். பைக்காரர் அதைத் தனக்கு வழிவிடுவதாக நினைத்து இடப்பக்கச் சந்தில் நுழைவார். அதற்குள் லாரி திரும்பும். முன் சக்கரம் போன தடத்தில் பின் சக்கரம் போகாது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். திருச்செங்கோடு, சங்ககிரி ஊருக்குள் இருக்கும் குறுகலான திருப்பங்களில் இதைத் தினமும் பார்க்கலாம். திரும்பும் லாரிக்கு இடப்பக்கம் இடம் இருக்கிறதே என்று தோன்றினால், அது உங்களுக்கான இடமே இல்லை. நகரப் பேருந்துக்கும் இது பொருந்தும். நிறுத்தத்தில் நிற்கும் பேருந்தின் இடப்பக்கம் நுழைந்தால் இறங்குகிறவர் மீது மோதுவீர்கள், அல்லது அவர் உங்கள் மீது விழுவார்.

வேகமாகப் போகும் பெரிய வண்டி காற்றையும் தள்ளிக்கொண்டு போகும். பக்கத்தில் வரும்போது தள்ளும், கடந்ததும் இழுக்கும். எக்ஸெல்லும் ஸ்கூட்டியும் இதில் ஆடிப்போகும். பின்னால் பெரிய வண்டி வரும் சத்தம் கேட்டால் வேகத்தைச் சற்றுக் குறைத்து, உடலைக் கொஞ்சம் முன்னே சாய்த்து, கைப்பிடியைப் பதற்றமில்லாமல் உறுதியாகப் பிடித்து நேராகப் போங்கள்.

தொப்பூர் கணவாய் இறக்கத்தில் இன்னொன்றும் உண்டு. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் லாரிகளில் சில, டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறங்குகின்றன. சிலவற்றுக்குச் சூடேறி பிரேக் பிடிக்காமல் போகிறது. அங்கே லாரிக்கு முன்னால் நிதானமாகப் போவதுகூடப் பாதுகாப்பு ஆகாது. ஓரமாக ஒதுங்கி அதை முன்னே விட்டுவிடுங்கள்.

குறுக்கே கடக்கும் ஐந்து வினாடி

நம் வட்டாரத்தில் மிகவும் ஆபத்தான இடம் நடுத்திட்டில் விட்டிருக்கும் திறப்புதான் என்பேன். அங்கே இருபுறமும் அரளிச் செடி ஆளுயரத்துக்கு வளர்ந்து நிற்கும். பூ அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் செடிக்குப் பின்னால் எக்ஸெல்லில் உட்கார்ந்திருக்கும் விவசாயியின் தலைகூட வருகிற கார்க்காரருக்குத் தெரியாது. அவருக்கும் காரைத் தெரியாது. முன் சக்கரத்தை நீட்டித்தான் பார்க்கிறார்.

கணக்கைப் பாருங்கள். நின்ற இடத்திலிருந்து பால் கேனோடு ஓர் எக்ஸெல் புறப்பட்டு, இரண்டு தடங்களையும் ஓரத்தையும் தாண்ட ஏறக்குறைய ஐந்து வினாடி வேண்டும். அந்த ஐந்து வினாடியில் 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் 110 மீட்டர் வந்துவிடும். 100 கிலோமீட்டரில் வருவது 140 மீட்டர். ஆகவே 200 மீட்டர் தூரத்துக்கு வண்டி எதுவும் இல்லாதபோதுதான் கடக்க வேண்டும். நெடுஞ்சாலை ஓரத்தில் 200 மீட்டருக்கு ஒரு சிறு கல் நட்டிருப்பார்கள். நீங்கள் தினமும் கடக்கும் இடத்திலிருந்து எந்த மரம், எந்தக் கடை அவ்வளவு தூரம் என்று ஒருநாள் பார்த்து வைத்துக்கொண்டால் போதும். அந்த மரத்துக்கு இந்தப் பக்கம் ஏதாவது வந்துவிட்டால் காத்திருங்கள்.

இன்னொரு பொறி. லாரி ஒன்று வருகிறது, அது போகட்டும் என்று நிற்கிறீர்கள். அது கடந்த உடனே வண்டியை விடுகிறீர்கள். ஆனால் அந்த லாரியை முந்த வேண்டும் என்று பக்கத்துத் தடத்தில் ஒரு கார் அதன் மறைவிலேயே வந்துகொண்டிருக்கும். லாரி போன பிறகு ஒருமுறை மூச்சு விட்டு, சாலை முழுவதும் கண்ணுக்குத் தெரிந்த பிறகு புறப்படுங்கள்.

கடப்பதை இரண்டு பாதியாகச் செய்யலாம். முதல் பாதியைத் தாண்டி, நடுத்திட்டின் திறப்பில் வண்டியைச் சாலைக்கு இணையாகத் திருப்பி நிறுத்தி, மறுபக்கம் பார்த்து, பிறகு இரண்டாம் பாதி. வண்டியின் வாலோ மூட்டையோ தடத்துக்குள் நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. திறப்பு அகலம் போதாதென்றால், அடுத்த மேம்பாலத்தின் அடிவழிக்குப் போவதுதான் ஒரே வழி. இரண்டு கிலோமீட்டர் சுற்று என்றால் ஐந்து நிமிடம்.

அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கத்தான் ராங் சைடு. அணுகுசாலையில், சிலர் பிரதான சாலையிலேயே, எதிர்த்திசையில் வருகிறார்கள். 40 கிலோமீட்டரில் நீங்களும் 80 கிலோமீட்டரில் காரும் எதிரெதிரே வந்தால் நெருங்கும் வேகம் 120. அதைவிட முக்கியம், அந்தத் திசையில் யாரும் உங்களை எதிர்பார்ப்பதில்லை. பக்கத்துச் சாலையிலிருந்து ஏறுகிறவர் வலப்பக்கம் மட்டும் பார்த்து ஏறுவார். நீங்கள் இடப்பக்கமிருந்து வருவீர்கள். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு எதிர்த்திசையில் ஓட்டுவது அபாயகரமாக ஓட்டும் குற்றத்திலேயே சேர்ந்துவிட்டது. ஆனால் ஊர்க்காரரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. வீட்டுக்கும் காட்டுக்கும் நடுவே சாலையைப் போட்டுவிட்டு, திரும்பும் இடத்தைக் கண்காணாத தூரத்தில் வைத்தால் மனிதர்கள் குறுக்கு வழிதான் தேடுவார்கள். இது சாலை போட்டவர்களின் பிழையும்கூட.

சேலம்–உளுந்தூர்பேட்டை சாலையில் வேறு வகை. நாலு வழியில் வந்த வேகம் வாழப்பாடி, ஆத்தூர் புறவழிகளில் பல ஆண்டுகளாக இருவழிக்குள் நெருக்கப்பட்டது. அப்படிச் சாலை குறுகும் இடங்களில், எதிரே முந்திக்கொண்டு வருகிறவர் பைக்கை ஒரு வண்டியாகவே மதிப்பதில்லை. வெள்ளைக்கோட்டுக்கு அருகே ஓட்டி, தார் முடியும் விளிம்பில் இறங்க எங்கே இடம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போவதுதான் அங்கே செய்யக்கூடியது.

வண்டியை விடப் பெரிய மூட்டை

முட்டை அட்டைகளை அடுக்கிக் கட்டிய எக்ஸெல், இளம்பிள்ளையிலிருந்து சேலைக் கட்டு, பள்ளிபாளையத்தில் நூல் மூட்டை, மாட்டுக்குச் சோளத்தட்டு, புல்லுக்கட்டு, எரிவாயு சிலிண்டர். இதையெல்லாம் ஏற்றாதே என்று சொல்ல எனக்கு மனமில்லை. அதில்தான் குடும்பம் ஓடுகிறது. ஆனால் எப்படி ஏற்றுவது என்பதைப் பேசியாக வேண்டும்.

பின்னால் பாரம் கூடினால் முன் சக்கரம் இலேசாகிவிடும். திருப்பினால் திரும்பாது, முன் பிரேக் பிடித்தால் வழுக்கும். எனவே கனமானதைக் கீழேயும் முன்னேயும், இலேசானதை மேலேயும் வையுங்கள். எக்ஸெல்லில் கால் வைக்கும் இடத்தில் வைக்க முடிந்ததைப் பின்னால் கட்டாதீர்கள். பின் டயருக்குப் பாரத்துக்கான காற்று தனி அளவு. அது செயின் உறையிலோ கையேட்டிலோ எழுதியிருக்கும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் பின் விளக்கு. புல்லுக்கட்டு கட்டினால் விளக்கு மறைந்துவிடுகிறது. இருட்டில் பின்னால் வருகிறவருக்கு ஒரு கருநிழல் மட்டும் நகர்கிறது, அதுவும் 30 கிலோமீட்டரில். சைக்கிள் கடையில் விற்கும் சிவப்பு ஒளிர்பட்டையை ஒரு கயிற்றில் ஒட்டி வைத்துக்கொண்டு, மூட்டையின் வெளிப்பக்கம் தொங்கவிட்டால் தொலைவிலிருந்தே மின்னும். செலவு ஒரு டீ, வடைக்கு மேல் போகாது.

பெண்கள் ஒருபக்கமாக உட்காரும்போது முந்தானையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு எத்தனையோ பேர் பின்மண்டை அடிபட விழுந்திருக்கிறார்கள். சேலைத் தடுப்புக் கம்பியைக் கழற்றாதீர்கள். ஏறியதும் முந்தானையைச் சுருட்டி மடியில் செருகிக்கொள்ளுங்கள். வெயிலுக்கும் தூறலுக்கும் பின்னால் உட்கார்ந்து குடை விரிப்பதை அடியோடு விட வேண்டும். எதிர்க்காற்று குடையை இழுக்கும்போது கை தானாக அதைப் பிடிக்கும், பிடிமானம் போகும்.

மாலையும் பனியும்

2022 அறிக்கைப்படி நாட்டில் விபத்துகள் மிக அதிகமாக நடக்கும் நேரம் மாலை 6 முதல் 9 மணி வரை. வேலை விடும் நேரம், கண் கூசும் நேரம், டாஸ்மாக் நேரம். நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் மதுவுக்கு மேல் இருந்தால் குற்றம். அபராதத்தை விடுங்கள், குடித்தவர் கண்ணுக்கு எதிர் விளக்கின் தூரம் பிடிபடாது. ஓட்டக் கூடாது, அவ்வளவுதான்.

சாதாரண பைக்கின் டிம் வெளிச்சத்தில் 30, 40 மீட்டருக்கு மேல் தெளிவாகத் தெரியாது. ஓரத்தில் நிறுத்திய லாரி, விளக்கில்லாத டிராக்டர் டிரெய்லர், தெருநாய், எல்லாம் அந்தத் தூரத்தில்தான் திடீரென்று முளைக்கும். 60 கிலோமீட்டரில் போனால் வினாடிக்கு 17 மீட்டர். கண் பார்த்து, கை பிரேக்கைத் தொட ஒன்றரை வினாடி ஆகும். அதற்கே 25 மீட்டர் போய்விடும். காய்ந்த நல்ல தாரில் நிற்க இன்னும் ஏறக்குறைய அவ்வளவு. மொத்தம் 50 மீட்டர். வெளிச்சம் 40 மீட்டர்தான். எனவே விளக்கில்லாத சாலையில் இரவில் 45க்கு மேல் போகக் கூடாது. பகலிலும் 80க்குப் போனால் நிற்க 75 மீட்டர் வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

எதிர் வண்டி ஹைபீம் அடித்தால் அந்த விளக்கைப் பார்க்காமல் சாலையின் இடதோர வெள்ளைக்கோட்டைப் பார்த்து வேகத்தைக் குறையுங்கள். பதிலுக்கு நீங்களும் ஹைபீம் அடித்தால் இரண்டு குருடர்கள் எதிரெதிரே வருவதாகிவிடும். கறுப்புச் சட்டைக்கு மேல் வெளிர்நிறத்தில் எதையாவது போட்டுக்கொள்ளுங்கள், தலைக்கவசத்தின் பின்பக்கம் ஒளிர்பட்டை ஒட்டுங்கள். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் முன் விளக்கு பகலிலும் எரிவது இதே காரணத்துக்காகத்தான். வீண் செலவு என்று அதை மெக்கானிக்கிடம் துண்டிக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம்.

மார்கழி, தையில் விடியற்காலைப் பனி. அந்த நேரத்தில்தான் மோகனூர் ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் போகின்றன, ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளிக்கிழங்கு லோடு போகிறது. தைப்பூசத்தையொட்டிப் பழனிக்கு நடக்கிறவர்கள் இரவெல்லாம் சாலையோரம் நடக்கிறார்கள், படுக்கிறார்கள். நடக்கிறவர்கள் பின்பக்கப் பையில் ஒளிர்பட்டை ஒட்டிக்கொள்ள வேண்டும். ஓட்டுகிறவர்கள் அந்த நாட்களில் ஓரத்தை ஓரமாக நினைக்காமல் நடைபாதையாக நினைக்க வேண்டும்.

கிராமச் சாலையில் ராகி, சோளம், கொள்ளு காயப்போட்டிருந்தால் அதன்மேல் பிரேக் பிடிக்காதீர்கள், திருப்பாதீர்கள். ஆக்சிலேட்டரை விட்டு நேராக உருண்டு போகட்டும். காயப்போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தானியத்தை அள்ளியதும் அணை வைத்த கற்களையும் அள்ளிவிடுங்கள். இருட்டில் அந்தக் கல்தான் ஆளைத் தூக்கிப் போடுகிறது. கோடைக்குப் பிறகு பெய்யும் முதல் மழையில் தாரில் ஊறிய எண்ணெய் மேலே மிதக்கும். முதல் அரை மணி நேரம் டீக்கடையில் ஒதுங்கி நிற்பது நல்லது.

தலைக்கவசமும் முதல் ஒரு மணி நேரமும்

இத்தனைக்குப் பிறகும் விழ நேரலாம். அப்போது காப்பது தலைக்கவசம். ஒழுங்காக அணிந்தால் இறப்பு வாய்ப்பு 42 சதவீதமும் தலைக்காய வாய்ப்பு 69 சதவீதமும் குறையும் என்பது பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த முடிவு. 2022இல் தலைக்கவசம் இல்லாமல் நாட்டில் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் தமிழ்நாட்டில் 2015 ஜூலை முதல் கட்டாயம். இருந்தும் கணவர் தலையில் மட்டும் கவசம், மனைவிக்கும் குழந்தைக்கும் ஒன்றுமில்லை என்ற காட்சி மாறவே இல்லை. நான்கு வயதுக்கு மேல் குழந்தைக்கும் கட்டாயம். அதற்குக் கீழ் உள்ள குழந்தையைப் பட்டை கட்டி, அதற்கேற்ற கவசம் போட்டு, 40 கிலோமீட்டருக்கு மேல் போகாமல் கூட்டிப்போக வேண்டும் என்பது 2023 முதல் விதி.

வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரையோடு ஐஎஸ் 4151 என்ற எண்ணைப் பாருங்கள். போட்டு, பட்டையைக் கட்டி, தலையை ஆட்டிப் பாருங்கள்; கவசம் தனியாக ஆடினால் அளவு பெரிது. தாடைப் பட்டையைக் கட்டாத கவசம் மோதிய நொடியே பறந்துவிடும். ஒருமுறை பலமாக அடிபட்டதை மாற்றிவிடுங்கள்.

பதினொன்றாம் வகுப்புப் பையனிடம் சாவி கொடுக்கும் பெற்றோர் ஒன்றை அறிய வேண்டும். 18 வயதாகாதவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு ஓராண்டுக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது.

விபத்தைப் பார்த்தால் 108ஐ அழையுங்கள். பின்னால் வரும் வண்டிகளை நிறுத்த ஒருவரைக் கொஞ்ச தூரம் அனுப்புங்கள். மூச்சு விடச் சிரமப்பட்டாலொழிய தலைக்கவசத்தை இழுத்துக் கழற்றாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், அடிபட்டவரை இரண்டு பேருக்கு நடுவே பைக்கில் உட்காரவைத்துக் கொண்டுபோகாதீர்கள். முதுகுத்தண்டு அப்படித்தான் முறிகிறது. உதவியவரை வழக்கில் இழுக்கக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு சொல்கிறது. பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் இலவசம். பணமில்லையே என்று தயங்கி ஒரு நிமிடத்தையும் விட வேண்டாம்.

இனி செய்ய வேண்டியது

நம் ஊரில் உரிமம் வாங்க எட்டுப் போட வேண்டும். கால் ஊன்றாமல் எட்டுப் போட்டால் உரிமம். எட்டு வண்டியின் சமநிலையைச் சோதிக்கிறது. நாலு வழிச் சாலையைக் கடக்கவோ, லாரிக்குப் பின்னால் இடைவெளி விடவோ, 60இலிருந்து சட்டென்று நிறுத்தவோ தெரியுமா என்று அது கேட்பதில்லை. நிறுத்தும் தூரத்தில் பெரும்பங்கு முன் பிரேக்கின் வேலை. ஆனால் முன் பிரேக் பிடித்தால் கவிழ்ந்துவிடும் என்று பயந்து வாழ்நாள் முழுக்கப் பின் பிரேக்கை மட்டும் மிதித்து ஓட்டுகிறவர்கள் ஏராளம். இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்தி நிறுத்துவதை உரிமத் தேர்வில் சேர்க்க வட்டாரப் போக்குவரத்து அலுவலக மைதானத்தில் இடம் இருக்கிறது. அரசு ஓர் ஆணை போட்டால் நடக்கும்.

ஆட்சியர் தலைமையில் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. அந்தக் குழு மூன்று வேலைகளை உடனே கையில் எடுக்கலாம். நடுத்திட்டுத் திறப்புகளுக்கு இருபுறமும் 50 மீட்டருக்கு அரளியை இடுப்பளவுக்குக் கீழே வெட்டி வைப்பது. ஒவ்வொரு திறப்பிலும் ஒரு விளக்கு. கரும்பு, மரவள்ளி டிரெய்லர்களுக்கு ஆலை வாசலிலேயே ஒளிர்பட்டை ஒட்டி, இல்லாததை உள்ளே விடாமல் இருப்பது. லாரிகள் நிற்க இடம் ஒதுக்காமல் ‘ஓரத்தில் நிறுத்தாதே’ என்று பலகை மட்டும் வைப்பதால் பயனில்லை. அதற்கு நெடுஞ்சாலை ஆணையம்தான் பதில் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒன்று, இது நம் ஊரில் மட்டுமே சுலபமாக முடியும். மாநில லாரி உரிமையாளர்கள் சம்மேளனமும் எரிவாயு டேங்கர் உரிமையாளர் சங்கமும் நாமக்கல்லிலேயே இயங்குகின்றன. திருச்செங்கோடு, ராசிபுரம், நாமக்கல் சாலைகளின் இருபுறமும் கல்லூரிகள். லோடு கிடைக்காமல் நிற்கும் ஒரு லாரியை அந்தச் சங்கங்கள் ஒருநாள் ஒரு கல்லூரி மைதானத்துக்கு அனுப்பட்டும். அனுபவமுள்ள ஓட்டுநர் ஒருவர் கூட வரட்டும். மாணவர்களை ஒவ்வொருவராக ஓட்டுநர் இருக்கையில் ஏற்றி, அவர்களுடைய பைக்கையே இடப்பக்கச் சக்கரத்தருகே நிறுத்தி, கண்ணாடியில் தேடச் சொல்லட்டும். அந்தப் பட்டறையில் நான் பார்த்ததைப் பார்க்க ஒருவருக்கு மூன்று நிமிடம் ஆகும். ஒரு வகுப்பை ஒரே பிற்பகலில் முடித்துவிடலாம். இதைக் கல்லூரி முதல்வர் ஒரு கடிதத்தில் கேட்டாலே போதும்.